ஸ்பீடு கூடின ஃபிலிம்

நம் வயசுக்காரர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இளையவர்களுக்கு இதில் பாதி விளங்காது, மீதிப் பாதிக்குச் சிரிப்பார்கள்.

போன மாசம் என் மகள் மெட்ராஸிலிருந்து வந்திருந்தாள். சென்னை என்று சொல்ல வேண்டும். வாய் இன்னும் திரும்ப மாட்டேன் என்கிறது. விளம்பரப் படம் எடுக்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். யாரிடமோ ஒரு பழைய கேமராவை வாங்கிக் கொண்டுவந்திருந்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, சாம்பல் நிறம், பக்கத்தில் ஒரு சாவி. சாவியைத் திருகினால் கர்ரென்று ஏறும். பொத்தானை அழுத்தினால் நாலு வீடு தள்ளித் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்துக்குக் கை நின்றுவிட்டது.

வீட்டுக்குள்ளேயே சினிமா எடுக்கிற கேமரா அது. கல்யாண வீட்டில் லைட்டைத் தூக்கிக்கொண்டு வீடியோக்காரர்கள் நம் கண்ணைக் கூச வைத்தார்களே, அதற்கெல்லாம் ரொம்ப முந்தியது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பத்து வயசில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன், தொட்டும் இருக்கிறேன்.

மகள் போனில் ஃபிலிம் தேடிக்கொண்டிருந்தாள். கறுப்பு வெள்ளையா கலரா, ஐம்பதா நூறா இருநூறா என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். அது என்னடி ஐம்பது நூறு, விலையா என்று கேட்டேன். ஸ்பீடு என்றாள். அப்படியானால் இருநூறு வாங்கினால் ஆட்கள் வேகமாக ஓடுவார்களா என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஓட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. வெளிச்சத்த ஃபிலிம் எவ்வளவு வெரசாக் குடிக்குதோ, அதுதான் ஸ்பீடு. வீட்டுக்குள்ள இருட்டா இருந்தா ஸ்பீடு ஃபிலிம். வெயில்னா ஸ்லோ ஃபிலிம். மாத்திப் போட்டு மத்தியானத்துல எடுத்தேன்னு வச்சுக்க, எல்லாம் வெளுத்துப் போயி வெறும் வெள்ளத்துணி மாதிரி வரும்."

நான் கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து பின்வாசலுக்குப் போனேன். கொஞ்ச நேரம் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அந்தக் கோடை லீவில் நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். அப்பா நூல் மில்லில் ஃபிட்டர். மிஷினில் எந்தக் குறையாக இருந்தாலும் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவார் என்று மில்லில் பேர். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கச்சியான என் அத்தை. அத்தைக்கு அப்போது இருபத்திநாலு. அந்தக் காலத்தில் அந்த வயசு என்ன வயசு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

அத்தைக்குச் சின்ன வயசில் காய்ச்சல் வந்து இடது கால் கொஞ்சம் குட்டை. ஒன்றரை விரற்கடை இருக்கும். வேகமாக நடந்தால் ஒரு துள்ளல் மாதிரித்தான் தெரியும். மெதுவாக நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் தோள் சாய்ந்து எழும்பும். எங்கள் வீட்டில் அதை நொண்டல் என்று ஒருவரும் சொன்னதில்லை. அம்மா 'சாய்வு' என்பாள். அப்பா எதுவுமே சொல்ல மாட்டார். பேச்சு அந்தப் பக்கம் வந்தால் எழுந்து போய்விடுவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் அத்தையின் இடது செருப்புக்கு மட்டும் டயர் ரப்பரை வெட்டி அடியில் கனமாக ஒட்டிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு சேலையைத் தாழக் கட்டினால் சாய்வு முக்கால்வாசி மறைந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அப்பா அம்மா இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அவருடைய அக்காதான் எல்லாம். பெண்ணுக்குக் காலில் லேசான நோவு உண்டு என்று தரகர் அவர்களிடம் பட்டும் படாமலும் சொல்லியிருந்தார். அதற்கு அவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒரு நாள் மாப்பிள்ளையின் அக்கா துணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பைக்குள் ஒரு கேமரா. சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த ஓர் ஆளிடம் தம்பி இதைக் கொடுத்துவிட்டிருக்கிறான், போட்டோ எல்லாம் வேண்டாமாம், நடமாடுகிற படமாக எடுத்து அனுப்பச் சொல்கிறான் என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும், அந்த ஆள் வைகாசிக் கடைசியில் திரும்பிப் போகிறார், அவரிடமே கொடுத்துவிடலாம், அங்கேயே கழுவிப் பார்த்துக்கொள்வான் என்றும் சொன்னார். ஃபிலிமை மட்டும் நாம் இங்கே வாங்கிக்கொள்ள வேண்டியது.

அவர் போன பிறகு வீட்டில் இட்லிப் பானை மூடிகூடச் சத்தம் போடவில்லை. அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"கால் விசயத்த யாரோ வெலாவாரியா எழுதிட்டாக. நடக்கச் சொல்லிப் பாக்கணும்கிறதுக்குத்தான் இம்புட்டு ஏற்பாடு."

இப்போது யோசித்தால், அந்த மனுசன் புதுசாக ஒரு கேமரா வாங்கியிருக்கிறார், அதைக் காட்டிப் பெருமைப்பட ஆசைப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை. ஒரு குறையை மறைத்து வைத்திருக்கிற வீட்டில் எல்லாப் பேச்சும் அந்தக் குறையைப் பற்றியதாகவே கேட்கும். இந்தப் படம் நன்றாக வந்தால் அத்தைக்குக் கல்யாணம். இல்லாவிட்டால் இல்லை. எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம், அத்தையும்தான்.

மறுநாளே சாயங்காலம் அத்தை மாடியில் ஒத்திகையைத் தொடங்கிவிட்டாள். தட்டோடு பதித்து, ஓரச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாடி. மேற்கே மலை நீலமாக நிற்கும். நான்தான் மாப்பிள்ளை. கவிழ்த்துப் போட்ட வாளி மேல் கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும். அத்தை அந்தக் கனத்த செருப்பைப் போட்டுக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பாள். நான் மீசையைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டு, "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, சீர் என்ன செய்வீக?" என்று கேட்பேன். அத்தை, "ஒரு தையல் மிஷினும் ஒம்ம மாதிரி வாயாடி ஒண்ணும் தாரோம்," என்பாள். மில் சங்கு ஊதுகிற வரை இது நடக்கும். நாளுக்கு நாள் நடை மாறிக்கொண்டே வந்தது. எந்த வேகத்தில் போனால் தோள் அசையாது என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். தண்ணீர்க் குடத்தை அடுப்படிக்குக் கொண்டுபோகிற பெண்ணின் வேகம். அதில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது, ஓர் அழகும் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

ஃபிலிம் வாங்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். ராஜபாளையத்திலேயே ஸ்டுடியோ இருந்தது. அங்கே போனால் மில்லுக்குச் செய்தி போய்விடும் என்று இத்தனை தூரம். தேருக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப்படி ஏறிப் போக வேண்டியிருந்தது. உள்ளே காடி மாதிரி ஒரு புளித்த வாசம். ஸ்டுடியோக்காரர் வழுக்கைத் தலையும் வாயில் வெற்றிலையுமாக, பொறுமையான மனுசர். மதுரையிலிருந்து வரவழைத்த இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். இரண்டும் கறுப்பு வெள்ளைதான். ஒன்று ஸ்பீடு கம்மி, இன்னொன்று ஸ்பீடு ஜாஸ்தி, எது வேணும் என்று கேட்டார்.

அப்பாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். ஸ்பீடு என்பது அவர் மில்லில் தினமும் புழங்குகிற சொல். ஒரு வினாடிகூட யோசிக்காமல் ஸ்பீடு ஜாஸ்தியையே கொடுங்கள் என்றார்.

ஸ்டுடியோக்காரர் உடனே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. அதை நான் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். டப்பா மேல் கையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுக்குள்ள வச்சு எடுக்கப் போறீகளா, வெளிய வெயில்லயா?"

அப்பா, "உள்ளதான்," என்றார்.

எங்கள் வீட்டுக்குள் நாலு எட்டு வைத்தால் சுவர் இடிக்கும். நடக்கிற படத்தை மாடியில்தான் எடுக்க முடியும், அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் வெளியே என்று சொன்னால் எதற்கு, என்ன விசேசம் என்று பேச்சு நீளும். பெண்ணை நடக்கவிட்டுப் படம் எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டி வரும். ஏன் நடக்கவிட வேண்டும் என்ற கேள்வி அதற்கு அடுத்தது. அதற்குப் பயந்து ஒரு சொல்லில் முடித்துக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே என்றால் சரி என்று ஸ்டுடியோக்காரர் கேமராவில் சுருளை மாட்டிக் காட்டினார். சுருளில் பாதி ஓடி முடிந்ததும் இருட்டில் வைத்துத் திறந்து, திருப்பிப் போட்டு, மறுபாதியை எடுக்க வேண்டும். அதையும் இரண்டு தடவை செய்து காட்டினார். கடைசியாகக் கண்ணாடியைச் சுற்றியிருந்த வளையத்தை ஒரு பக்கமாக முழுக்கத் திருகி வைத்து, வீட்டுக்குள் எடுக்கிறதற்கு இதுதான் கணக்கு, இதை மட்டும் தொடாதீர்கள் என்றார். அப்பா வாக்குத் தவறாதவர். கடைசி வரை தொடவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்து, இலையிலிருந்து நான் வழித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டே வந்தார். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் அவராகவே பேசினார். "மில்லுல நூல் சுத்துற கதிர் மெதுவா ஓடுனா நூல்ல இருக்க மேடு பள்ளம் அம்புட்டும் கண்ணுல படும். ஸ்பீட ஏத்திட்டா ஒண்ணும் தெரியாது, கம்பி மாதிரி நிக்கும். இதும் அப்படித்தான். அத்தைட்ட சொல்லிக்கிடாத."

நான் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய வித்தையாகப் பட்டது. அத்தையின் காலைச் சரிபண்ணுகிற மருந்தையே அப்பா அந்த டப்பாவுக்குள் வாங்கிவிட்ட மாதிரி இருந்தது.

எடுக்கிற நாளை அம்மா சாதாரணமாக விடவில்லை. மாப்பிள்ளை பார்க்கப் போகிற படம் என்றால் அது பெண் பார்க்கிற சடங்குதானே என்றாள். பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் பத்தரை தொட்டு பன்னிரண்டு வரை ராகு காலம். அது கழிந்து பன்னிரண்டே காலுக்குத் தொடங்குவது என்று முடிவாயிற்று. வைகாசி மாச வெள்ளிக்கிழமை, பன்னிரண்டே கால். எங்கள் ஊர் வெயில் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா தன் கல்யாணப் பட்டை அத்தைக்குக் கட்டிவிட்டாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை என்ன தெரியப் போகிறது என்று அப்பா கேட்டார். பட்டு எதிலயும் பட்டாகத்தான் தெரியும் என்றாள். தலை நிறையக் கனகாம்பரம். மாடியேறுகிற படியில் அத்தை செருப்பில் காலை நுழைத்தபோது அம்மா கையைப் பிடித்துவிட்டாள். நல்ல காரியத்துக்கு யாராவது செருப்போடு வந்து நிற்பார்களா, மாப்பிள்ளை பார்க்கிறபோது காலில் செருப்பு இருந்தால் வீட்டாரைப் பற்றி என்ன நினைப்பார் என்று கேட்டாள். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அவர் கேமராவை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். ஃபிலிம் பார்த்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியுமே. செருப்பு படியிலேயே நின்றுவிட்டது.

முதல் பாதியில் அத்தை தட்டில் காப்பி எடுத்துக்கொண்டு வந்து கேமராவுக்கு நேராக நீட்ட வேண்டும். "அந்தப் பெட்டிக்குள்ளதான் மாப்ள உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்க தாயி," என்று அம்மா சொல்லவும் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடேயே நீட்டினாள். யாரும் வாங்கிக்கொள்ளாத காப்பியோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கும்பிட்டாள். அந்தக் காப்பியைப் பிற்பாடு நான்தான் குடித்தேன். அதுவரை எனக்குக் காப்பி கொடுத்ததில்லை. அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

பாதிச் சுருள் முடிந்ததும் மாடிப்படி மறைவில் அப்பா கம்பளிக்குள் தலையையும் கையையும் விட்டுச் சுருளைத் திருப்பிப் போட்டார். நானும் அத்தையும் கம்பளியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். உள்ளேயிருந்து அவர் மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது. வியர்வையில் குளித்து வெளியே வந்து, சாவியை முறுக்கிக்கொண்டே அத்தையிடம் சொன்னார்.

"மெதுவா நட. வெரசா நடந்தேன்னா படத்துல ஓடுற மாதிரி ஆயிரும்."

அத்தை விளங்காமல் நின்றாள். "அண்ணே, மெதுவா நடந்தா காலு தெரியும்ணே. நான் நடந்து பழகியிருக்கேன். எனக்குத் தெரியும்."

"நான் சொல்லுதேன்லா. எம்புட்டு மெதுவா நடக்கியோ அம்புட்டு நல்லது."

என்ன காரணம் என்று அவர் சொல்லியிருந்தால் அவள் மறுத்துப் பேசியிருப்பாளோ என்னவோ. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் காலைப் பற்றிப் பேச வேண்டும். அந்த வீட்டில் அது முடியாது.

தட்டோடு அடுப்புக்கல் மாதிரிக் கொதித்தது. அம்மா ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். கொட்டின தண்ணீர் ஆவியாகி ஈர மண் வாசம் ஒரு நிமிசம் எழும்பி அடங்கியது. அத்தை நடந்தாள், வெறுங்காலோடு, மெதுவாக. ஒவ்வொரு அடியையும் எடுத்து வைத்து அது பாவும் வரை நின்று, அடுத்த அடி. தோள் சாய்ந்தது, எழும்பியது, சாய்ந்தது. பாதம் சுடுவது முகத்தில் தெரியாமல் இருக்க உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். கேமரா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கோடி வரை போய் அவள் திரும்பியபோது அப்பா கேமராவுக்குப் பின்னாலிருந்து, "இன்னும் மெதுவா," என்றார்.

அன்று சாயங்காலம் அத்தையின் இரண்டு பாதத்திலும் கொப்புளம். நான் விளக்கெண்ணெய் தடவிவிட்டேன். அவள் என்னிடம் மட்டும், "எங்கண்ணன் ஏன்ட்டி அப்படிச் சொன்னாக?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அப்பாவிடம் கொடுத்த வாக்கு.

ஃபிலிம் மட்டும் சிங்கப்பூர் போனது; கேமரா எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஆனி போனது. ஆடி பிறந்ததும் பேச்சு வார்த்தை நின்றுபோயிற்று. அத்தை மறுபடி தையல் மிஷினில் உட்கார்ந்து ஊர் ஜாக்கெட்டெல்லாம் தைத்தாள். சப்பட்டை மாம்பழம் முடிந்து, பிந்திப் பழுக்கிற ரகமும் முடிந்து, தெருவில் கொட்டைகள் காய்ந்து கிடந்தன. தபால்காரர் வருகிற நேரத்தில் மட்டும் மிஷின் சத்தம் நிற்கும்.

ஆவணி முதல் வாரத்தில் மாப்பிள்ளையின் அக்கா வந்தார். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார். சங்கடப்படுகிறார் என்று எனக்கே தெரிந்தது. அத்தை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளை ஒட்டி நான்.

"தம்பி கடிதாசி போட்டிருக்கான்," என்றார். "படத்தப் பாக்க முடியலன்னு எழுதியிருக்கான்."

சொல்லிவிட்டு மடியிலிருந்து நீலக் கடிதாசியை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"போதும்த்தா. படிக்க வேண்டாம். எங்க வீட்டுப் புள்ளையப் பாக்க முடியலன்னு சொன்ன பொறவு வேற என்ன இருக்கு? நல்லாருங்க."

அந்த அம்மாள், இல்லை அண்ணே, கேளுங்கள் என்று தொடங்கினார். அப்பா கேமராவை எடுத்து அவர் பையில் வைத்து வாசலைக் காட்டிவிட்டார். எங்கள் அப்பா யாரையும் அப்படி அனுப்பியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் அத்தை என் தோளைப் பிடித்திருந்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

நாம் எப்படிப் பேசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். விபத்தில் அடிபட்டவனைப் பார்த்துவிட்டு வந்து, பார்க்க முடியவில்லை என்கிறோம். விளக்கு அணைந்தாலும் பார்க்க முடியவில்லை என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது ஒரே மாதிரித்தான் கேட்டது. என்னிடம் அந்தக் கடிதாசி இல்லை. ஆனால் அப்பா வாசலைக் காட்டியபோது அது அந்த அம்மாள் கையில் பாதி பிரிந்து தொங்கியது; இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுதியிருந்ததை நான் பார்த்தேன். பெண் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒருவனுக்கு அத்தனை எழுத்து வேண்டாம்.

அதற்குப் பிறகு இரண்டு இடம் வந்தது. அத்தை தானே வாசலுக்கு வந்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். தையல் டீச்சர் டிரெயினிங் முடித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கேயே வீடு பிடித்துத் தனியாகத் தங்கினாள். மாப்பிள்ளையின் அக்கா இருந்த தெரு வழியாகப் போனால் பள்ளிக்கூடம் ஐந்து நிமிசம்; முப்பது வருசமும் சுற்றித்தான் போனாள். அந்த மாப்பிள்ளை பிறகு சாத்தூர்ப் பக்கம் பெண் கட்டினார் என்று கேள்வி. அவர் இறந்தபோது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்ததை அத்தைதான் எனக்குச் சொன்னாள்.

மகள் ஊருக்குப் போன மறுநாள் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்குள் ஒரு பரபரப்பு. அத்தைக்கு நல்ல சேதி கொண்டுபோகிற நினைப்பு. அவளுக்கு இப்போது எழுபத்தேழு வயசு. கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய துணியைக் கிழித்துத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். நான் முதலிலிருந்து சொன்னேன். ஸ்டுடியோக்காரர் கேட்ட கேள்வி, அப்பா சொன்ன பொய், கதிர், ஸ்பீடு, வளையம், என் மகள் சிரித்தது, எல்லாம். அப்பா ஏன் மெதுவாக நடக்கச் சொன்னார் என்பதையும் சொன்னேன். அப்பாவே போன பிறகு அந்த வாக்கு இனி யாருக்கு.

அத்தை திரியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவிய என்னயப் பாக்கவே இல்ல," என்றாள்.

"இல்ல அத்த. வெறும் வெள்ளையாத்தான் வந்திருக்கும். வேற படம் எடுத்து அனுப்பச் சொல்லித்தான் எழுதியிருப்பாக. ஒன் நடைய யாரும் கொறையே சொல்லல."

அவள் அழுவாள் அல்லது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், ரொம்ப நேரம் துடைத்தாள்.

"இத ஏன்ட்டி எங்கிட்ட வந்து சொல்லுத?"

"தெரிஞ்சா ஒனக்கு ஆறுதலா இருக்கும்னுதான் அத்த."

"பாத்துட்டு வேண்டாம்னாகன்னுதான் நான் இத்தன வருசம் இருந்தேன். பள்ளிக்கூடத்துல அம்புட்டுப் புள்ளைக முன்னாடி தெனமும் நடந்தேன். ஒவ்வொரு நாளும் அவிய மேல கோவப்பட்டுத்தான் நடந்தேன். கோவப்பட எனக்குன்னு ஒரு ஆளு இருந்தாக. இப்ப நான் யாரு மேல கோவப்பட?"

அத்தை திரியை மறுபடி எடுத்தாள். இரண்டு திரித்தாள், வைத்துவிட்டாள். வெயில் தாழ்வதற்குள் கிளம்பு என்றாள். காப்பி போடட்டுமா என்று கேட்கவில்லை.

அத்தைக்கு வாரம் ஒரு தடவை போன் போடுவது என் வழக்கம். அதற்கு அடுத்த இரண்டு வாரமும் எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் எடுத்தாள். மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன், பரவாயில்லை என்றாள். இந்த மாசக் கடைசியில் அப்பாவுக்குத் தெவசம். அப்பா இறந்த வருசத்திலிருந்து ஒரு தடவைகூடத் தப்பாமல் முந்தின நாளே வந்து நின்று, அண்ணனுக்குப் பிடித்ததையெல்லாம் தன் கையால் சமைத்து வைப்பவள் அத்தை. எந்தப் பஸ்ஸுக்கு வருகிறாய், நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கட்டுமா என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் துணி கிழிகிற சத்தம் கேட்டது.

"நான் வரல," என்றாள்.